கதவுக்கு வெளியே நின்ற குரல்

பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்து, உள்ளே தொங்கிய சேலைகளுக்குள் பாதி முகத்தை நுழைத்துக்கொண்டு, நான் செத்துப்போன ஒரு தகப்பனாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

காலை பதினொரு மணி இருக்கும். கோடை தொடங்கியிருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று எங்கள் பகுதியில் கரண்ட் கிடையாது. எங்கள் தெருவில் குரல் பதிவு செய்ய வேண்டுமென்றால் கரண்ட் இல்லாத பகல்தான் வாய்ப்பு. மற்ற நாட்களில் வீட்டின் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே எந்தப் பேயாலும் யாரையும் பயமுறுத்த முடியாது.

ஃபேன் ஓடவில்லை. பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. மடித்த துண்டின் மேல், பதிவுக்காக, பேய்க்கதை எழுதுகிற மல்லிகாவின் செல்போன் இருந்தது. சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று பீரோ யோசனையைச் சொன்னவள் அவள்தான். அந்துருண்டை வாசனையில் எனக்குத் தும்மல் வந்தது. தும்மலை அடக்கிக்கொண்டு, "கதவத் தெறம்மா" என்று கர்ஜித்தேன்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த மல்லிகா ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணாச்சி, இது நாடகப் பேய். இவரக் கண்டு யாரு பயப்படுவா?"

மூன்று தடவை இப்படி நிறுத்திவிட்டாள். நான்காவது தடவை நான் குரலை உயர்த்தவில்லை. சும்மா பேசினேன். அப்போது தொண்டையிலிருந்து ஒன்று வந்தது. இந்த வாரம் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

காணாமல் போனவர்களின் குரல்

புதிதாக இந்தத் தொடருக்குள் வருபவர்களுக்காக இரண்டு வரி. சங்கரன்கோவிலில் என்னை 'மைக் அண்ணாச்சி' என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, துணிக்கடைத் தள்ளுபடி, பொதுக்கூட்டம், கண் சிகிச்சை முகாம் என்று ஊருக்குச் சேதி சொல்லிப் பிழைத்தவன். இப்போது ஒரு தடவை பதிவு செய்து கொடுத்தால் போதும், ஆட்டோ தானாகப் பேசிக்கொண்டு போகிறது.

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில் மட்டும் நேரடியாக மைக் முன்னால் உட்காருவேன். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளின் அடையாளத்தைச் சொல்லுவேன். "பச்சைப் பாவாடை, கையில் பலூன் வைத்திருக்கும் நான்கு வயதுச் சிறுமி, பெயர் கேட்டால் பாப்பா என்று சொல்கிறாள், பெற்றோர் உடனே வரவும்." இதை அவசரமில்லாமல் சொல்ல வேண்டும். நான் பதறினால் கூட்டமே பதறும். பிள்ளையைத் தேடி வருகிற தாய்மார்கள், "உங்க குரலக் கேட்டதும் பாதி உசுரு வந்துச்சு" என்பார்கள்.

இப்படி ஒரு குரலை வைத்திருப்பவன் தன்னைச் சாந்தமானவன் என்று நம்பிவிடுவது சுலபம். ஊரும் நம்பியது. வீட்டிலும் நான் சத்தம் போட்டதில்லை. என் மனைவி வேலம்மாளிடம் அக்கம்பக்கத்துப் பெண்கள், "ஒங்களுக்கென்ன, அண்ணாச்சி அதிர்ந்து பேச மாட்டாக" என்று சொல்லுவார்கள். அவள் பதில் சொல்லாமல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் பெருமை என்று நினைத்திருந்தேன்.

திருவேங்கடத்திலிருந்து வந்த பேய்

மல்லிகாவுக்கு நாற்பது வயது. பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துணியைப் போல, நேரம் மிச்சமாகும்போதெல்லாம் நோட்டில் பேய்க்கதை எழுதுவாள். அதைத் தானே வாசித்துப் பதிவு செய்து யூடியூபில் போடுவாள். பெண் பாத்திரங்களுக்கு அவள் குரல் பொருந்தியது. ஆண் பேய்க்கு ஆள் இல்லாமல், டவுன் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள்.

"பேய்க்கதைக்கு நான் எதுக்கும்மா? பல்லியக் கண்டாலே ஒதுங்கிப் போற ஆளு நான்" என்றேன்.

"அதுக்குத்தான் அண்ணாச்சி நீங்க வேணும். பயப்படுத ஆளுக்குத்தான் பயமுறுத்தத் தெரியும்."

அவள் கொண்டுவந்த கதை சின்னது. ஒரு தகப்பன் செத்துப்போகிறார். அவருடைய முதல் வருஷத் திதியன்று, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகளின் அறைக்கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார். உள்ளே மகள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் கதவை உடைப்பதில்லை, தட்டுவதுகூட இல்லை. திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மகளின் கை தாழ்ப்பாளுக்குப் போவதோடு முதல் பாகம் முடிகிறது.

"இதுல பேய் என்னதான் செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது. போகவும் செய்யாது" என்றாள்.

எனக்கு அப்போது கதை பிடிக்கவில்லை. ரத்தம் இல்லை, கொலுசுச் சத்தம் இல்லை, ஒரு நாய்கூட ஊளையிடவில்லை.

மதியக் கொடை

நடுவில் ஒரு பழைய சேதி சொல்லிவிடுகிறேன். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷாவருஷம் மைக் செட்டோடு போவேன். அங்கே சாமியாடுகிறவர் சைக்கிளில் பால் ஊற்றும் மனிதர். எதிரே ஆடு வந்தால்கூட இறங்கி வழிவிடுவார்.

ஒரு வருஷம் மதியக் கொடையில் அவருக்கு அருள் வந்தது. வெயிலில் மண் கொதித்துக்கொண்டிருந்தது. ஊரில் நிறைய நிலம் வைத்திருக்கும் பெரிய சம்சாரி முன்னால் போய் நின்று, அவர் சட்டையைப் பிடித்து, "என்னைப் பெத்தவள அன்னிக்கு என்னலே சொன்ன?" என்று கேட்டார். கூட்டம் குலவையை நிறுத்திவிட்டது. சம்சாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி திருநீறு பூசிவிட்டு நகர்ந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு பால்காரர் என் மைக் செட் நிழலுக்கு வந்து சோடா குடித்தார்.

"அண்ணாச்சி, நான் யாரையும் வைதுட்டனா?"

"நீங்க வையல. சாமிதான் வைதுச்சு."

"அப்பம் சரி" என்று மூச்சு விட்டார்.

வேஷம் கட்டினால், அருள் வந்தால், கதை சொன்னால், நமக்குள் இருக்கும் வேறு ஆள் கொஞ்ச நேரம் வெளியே வந்து போகிறான். பால்காரருக்கு அந்த ஆளைச் சாமி பேரில் எழுதிவிட முடிந்தது. எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

தாளில் இல்லாத வரி

பீரோவுக்கு வருகிறேன்.

நான்காவது தடவை மல்லிகா சொன்னாள்: "இவரு அந்தப் பிள்ளையோட அப்பா. சொந்த வீட்டுல நின்னு பேசுத மாதிரி பேசுங்க. அவசரமே இல்ல. அவ எங்கயும் போக முடியாதுன்னு இவருக்குத் தெரியும்."

கண்ணை மூடினேன். குரலை இறக்கினேன். தொலைந்த பிள்ளையின் அடையாளம் சொல்லும்போது வருகிற அதே நிதானம் வந்தது. "கதவத் தெறம்மா. அப்பாதான். ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயாத் தெறக்கணும், அதான் எனக்கு வேணும்." இவையெல்லாம் தாளில் இருந்தவை. கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"நான் சத்தமே போடலியே. பின்ன எதுக்குட்டி பயப்படுத?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தேன். மூக்கால் விடுகிற சின்னச் சிரிப்பு.

கண்ணைத் திறந்தபோது மல்லிகா சிலிர்த்துப்போன கையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, இது எங்கருந்து வந்துச்சு? நான் எழுதவே இல்லியே" என்றாள். எனக்குப் பெருமை. ஒரு நடிகனாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வரியைச் சொல்லும்போது எனக்கு நன்றாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் என் குரலுக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறாள் என்ற எண்ணத்தில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம் புதியது இல்லை என்பதும் தெரிந்தது. எங்கே பழகியது என்று மட்டும் தெரியவில்லை.

அடுப்படியில் வேலம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மல்லிகா பஸ்ஸுக்குப் போன பிறகு அவள் வாசல்படியில் வந்து நின்றாள்.

"அந்தக் கடைசி வரி, அந்தப் பிள்ள எழுதுன தாளுல இருக்கா?"

"இல்ல. தானா வந்துச்சு."

"தானா வந்துச்சோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று மதியம் சோறு போடும்போது அவள் பேசவில்லை. மறுநாளும் தேவைக்கு மேல் பேசவில்லை. வெயிலுக்குத் தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு சாப்பாட்டு நேரம்

கதை போட்டு இரண்டு வாரத்தில் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி, ஆளாளுக்குச் செல்போனில் அனுப்பிக்கொண்டார்கள். பூ மார்க்கெட்டில் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "சாமி, எங்க வீட்டுப் பக்கம் வந்துராதிய" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்களுக்கு ஒரே மகள், கோமதி. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். வாரம் இரண்டு தடவை அம்மாவுக்குப் போன் செய்வாள். என்னிடம் "நல்லாருக்கியளாப்பா, மாத்திர சாப்பிட்டியளா" என்ற இரண்டு கேள்வி. பிறகு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுவாள். அவள் சுபாவமே அப்படி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு வேலை பார்க்கும் பெண், "இதக் கேளுப்பா, ஒடம்பே நடுங்குது" என்று செல்போனை நீட்டியிருக்கிறாள். என் குரல் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கோமதி கேட்டாள். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

வேலம்மாள் அதை என்னிடம் மூன்று நாள் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில், காபியை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"கோமதி கேட்டுட்டா."

"எப்படி இருக்குன்னு சொன்னா?"

"'பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு அப்பா சொன்னத இப்ப ஊரே கேக்குதும்மா'ன்னு சொன்னா."

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பாத்ரூம்?" என்று கேட்டேன்.

வேலம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நெசமாவே ஞாவகம் இல்லியா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த நாள், நான் எழுதியபடி

இந்தத் தொடர் தொடங்கிய புதிதில் 'மெல்லப் பேசு' என்று ஓர் அத்தியாயம் எழுதியிருந்தேன். சிலருக்கு நினைவிருக்கலாம். கோமதி பத்தாம் வகுப்பு முடித்தபோது, வாலிபால் ஆட்டத்தில் தேர்வாகி, வெளியூரில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்க இடம் கிடைத்தது. எனக்கு விருப்பமில்லை. ஆனால் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு மணி நேரம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன், அவளே மனம் மாறி "போகல" என்று சொன்னாள் என்று எழுதியிருந்தேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டியதாக ஒரு தலைமையாசிரியர் எழுதியிருந்தார்.

அந்த அத்தியாயத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஒரு மணி நேரமும் அவள் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் வெளியே நின்றிருந்தேன். வேலம்மாள் சொன்ன பிறகுதான் இது எனக்குத் திரும்பி வந்தது.

வேண்டுமென்றே மறைத்தேன் என்று சொல்ல முடியாது. எழுதும்போது அந்தக் கதவு என் நினைவில் இல்லை. முகத்தோடு முகம் பார்த்துப் பேசியதாகத்தான் எனக்கு ஞாபகம். இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தது. சேலைகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு ஒரு பேயாகப் பேசிய அன்றுதான், கதவு இருந்த இடத்துக்குக் குரல் தானாகப் போய் நின்றிருக்கிறது.

விடுதி விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவள் என்னைத் திட்டிக்கொண்டு அழுது ஓய்ந்திருப்பாள். எனக்கு அது போதவில்லை. போகவில்லை என்று அவள் வாயால் வர வேண்டும் என்று நின்றேன்.

"இருக்கட்டும்"

முதலில் மல்லிகாவுக்குப் போன் செய்தேன். கதையை எடுத்துவிடச் சொன்னேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். இதை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"எடுத்துருதேன் அண்ணாச்சி. அஞ்சு நிமிசம் போதும். ஆனா உங்க மககிட்ட கேட்டியளா?"

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

கோமதிக்குப் போன் செய்தேன். "நல்லாருக்கியளாப்பா" என்றாள். நான் மாத்திரை வரைக்கும் அவளைப் போகவிடவில்லை.

"அந்தக் கதைய எடுக்கச் சொல்லிட்டேன்ம்மா."

பஸ் ஹாரன் ஒன்று அந்தப் பக்கம் கேட்டது.

"எதுக்கு?"

"நீ சங்கடப்படுதியேன்னு..."

"நான் சங்கடப்படலப்பா. இருக்கட்டும்."

"எனக்குச் சங்கடமா இருக்கும்மா."

"அதுவும் இருக்கட்டும்."

பிறகு அவள் பேசினாள். அதுவரைக்கும் அவள் என்னிடம் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"எங்க அப்பாவ நெனச்சா எனக்குப் பயம்னு யார்ட்டயும் சொல்ல முடியாதுப்பா. அடிச்சாரா? இல்ல. குடிச்சாரா? இல்ல. சத்தம் போட்டாரா? அதுவும் இல்ல. பின்ன என்னன்னு கேப்பாக. என் வீட்டுக்காரர்ட்டயே சொல்லிப் பாத்தேன். 'மாமாவா? தங்கமான மனுசன்'னாரு. நீங்க எழுதுனதையும் வாசிச்சேன். வாசிச்சிட்டு மடிச்சு வச்சிட்டேன். எனக்குத்தான் புத்தி கோணலோன்னு நெனச்சேன். இப்ப இது இருக்கு. போட்டுக் காட்டுனேன் அவருக்கு. கேட்டுட்டு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. எடுக்காதீங்க."

"சரி" என்றேன்.

"நான் கதவத் தெறக்கும்போது நீங்க சிரிச்சிட்டு நின்னிய. அது ஞாவகம் இருக்கா?"

"இல்லம்மா."

"சிரிச்சிட்டு நின்னிய" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

இரண்டாம் பாகம்

அடுத்த மாதக் கரண்ட் நிறுத்த நாளில் மல்லிகா வந்தாள். மகள் கதவைத் திறந்த பிறகு நடப்பது இரண்டாம் பாகம். நான் வேண்டாம் என்றால் வேறு ஆள் பார்க்கத் தயாராக வந்திருந்தாள். "முடிவ மாத்தணுமான்னு உங்க மககிட்ட போன்ல கேட்டேன். 'எனக்காக எதையும் மாத்தாதீங்க, கதையில தெறந்தாத் தெறந்ததுதான்'னு சொல்லிட்டாக" என்றாள்.

இரண்டு பெண்களும் எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள். மல்லிகா நீட்டிய தாளை வாங்கிக்கொண்டேன்.

படித்துப் பார்த்தேன். கதவு திறந்ததும் தகப்பன் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிறார். தண்ணீர் கேட்கிறார். பேரப்பிள்ளையின் பேர் கேட்கிறார். மகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுகிறாள். வீட்டில் எல்லோரும் அவரை நல்லவர் என்கிறார்கள். அவர் போவதே இல்லை. அவ்வளவுதான்.

நானே பேசுகிறேன் என்று சொன்னேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். பிராயச்சித்தம் என்று பெரிய வார்த்தை எதுவும் போட வேண்டாம். அந்த ஆள் யார் என்று பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணாடியில் அவன் தெரிவதில்லை. மைக் முன்னால்தான் வருகிறான்.

தெரிந்த பிறகு வராது, தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. முதல் தடவையே வந்தது. முன்பைவிடச் சுலபமாக வந்தது. "தண்ணி கொண்டாம்மா, மெதுவா வா, அவசரம் இல்ல" என்று நான் சொன்னதைக் கேட்டு மல்லிகா ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முப்பது வருஷம் ஊரைச் சமாதானப்படுத்திய குரலுக்கும் அதற்கும் நூலளவு வித்தியாசம்கூட இல்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அதுவரைக்கும் வந்தது வெட்கம்.

வேலம்மாள் அன்று அடுப்படியில் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள். முடிந்ததும் என்னிடம், "அன்னைக்கு நான் அடுப்படியிலதான் நின்னேன். வந்து உங்களப் புடிச்சு இழுத்திருக்கணும். நீங்கதான் சத்தம் போடலியேன்னு நின்னுட்டேன்" என்றாள். அவளுடைய கணக்கையும் அந்தக் கதை வெளியே எடுத்திருந்தது.

தொட்டித் தண்ணீர்

ஆடித்தபசுக்குக் கோமதி தனியாக வந்தாள். சப்பரம் பார்த்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன்பாக என்னைக் கூடத்தில் உட்காரச் சொன்னாள். எதிரே அவள் உட்கார்ந்தாள். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஒரு மணி நேரம் நீங்க பேசுனிய. பத்து நிமிசம் நான் பேசுதேன். நடுவுல ஒண்ணும் சொல்லக் கூடாது."

தலையசைத்தேன்.

"உள்ள போனதும் குழாயத் தெறந்து விட்டேன். உங்க சத்தம் கேக்கக் கூடாதுன்னு. வாளி நெறஞ்சு வழிஞ்சு காலெல்லாம் தண்ணி. தண்ணிச் சத்தத்துக்கு மேல நீங்க பேசல. நீங்க அதே மாதிரி மெதுவாத்தான் பேசுனிய. எனக்குக் கேக்குதா கேக்கலியான்னு உங்களுக்குக் கவலையே இல்ல. கொஞ்ச நேரத்துல தொட்டி காலியாயிருச்சு. குழாயில காத்து மட்டும் வந்துச்சு. தண்ணி நின்னதும் உங்க குரலு அப்படியே கேட்டுச்சு. ஒரு வார்த்த விடாம. அப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சு, நான் எத்தன நாளு உள்ள இருந்தாலும் நீங்க நிப்பியன்னு. அதான் தெறந்தேன். மனசு மாறித் தெறக்கல."

அடுத்துச் சொல்ல அவளுக்கு இன்னும் இருந்தது. விடுதிக்குப் போன அவளுடைய சிநேகிதி பேரைச் சொன்னாள். அதற்குப் பிறகு பந்தை எங்கே போட்டாள் என்று சொன்னாள். கோயம்புத்தூரில் முதல் இரண்டு வருஷம், வீட்டு ஓனர் கதவைத் தட்டினால்கூடச் சுவரோடு ஒட்டி நின்றதைச் சொன்னாள். இதையெல்லாம் அழாமல், ஆபீஸில் கணக்கு ஒப்பிக்கிறவள் மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

எனக்கு நடுவில் மூன்று இடத்தில் பதில் வந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன் என்று சொல்ல வந்தது. உன் நல்லதுக்குத்தான் என்று வந்தது. மூன்றாவது, மன்னிப்பு. அதையும் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் என்றவள் அரை மணி நேரம் பேசினாள்.

முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். "இப்ப சொல்லுங்க" என்றாள்.

"தப்பு செஞ்சிட்டேன் கோமதி."

"ஆமா" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்தேன் என்பதை, அது வராதபோதுதான் கண்டுகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு நடந்து போனேன். தபசுக் கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்ததால் பஸ்ஸில் இடம் பிடிக்க நேரமானது. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, இதைத் தொடரில் எழுதட்டுமா என்று கேட்டேன். 'மெல்லப் பேசு' என்று நான் எழுதியதை வாசித்தவர்கள் இதையும் வாசிக்க வேண்டும் என்றேன்.

அவள் யோசித்தாள்.

"எழுதுங்க. பேரு போட்டே எழுதுங்க. ஆனா கடைசியில நீங்க அழுததா மட்டும் எழுதிராதீங்க. வாசிக்கிறவங்க உங்க பக்கம் சாஞ்சிருவாக."

பஸ் கிளம்பியது.

நான் அழவில்லை.